சத்தம் பதிவாகாது

பஸ் டிரைவருக்குச் சபைக்கூச்சம் அதிகம். நாள் முழுக்க ஜனங்களைச் சுமந்துகொண்டு போகிற மனிதர்தான். ஆனால் அவர்கள் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பவர்கள். முகத்துக்கு நேரே நாலு பேர் பார்த்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவர் நகராட்சிக் கூடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாரென்றால் அதற்கு அவர் மனைவிதான் காரணம்.

மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேக்கரியில் கேக்குகளுக்கு க்ரீமால் பூ வைக்கிற வேலை. சைகை மொழி பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் குறிப்பிடச் சைகையிலேயே பெயர் வைத்துக்கொள்வார்கள். கன்னத்தில் குழி விழுகிற இடத்தை ஒரு விரலால் தொட்டால் அது அவள் பெயர். டிரைவர் அதை வாய்ப்பேச்சில் கன்னக்குழி என்று ஆக்கிக்கொண்டார். கல்யாணமான புதிதில் அவளிடம்தான் சைகை கற்றார். ஸ்டியரிங் பிடித்துத் தடித்துப்போன விரல்கள். "உங்க கை திக்குது" என்று இன்றைக்கும் கேலி செய்வாள். சண்டையில் மட்டும் அவளை ஜெயிக்கவே முடியாது. அவர் பேச்சு பிடிக்கவில்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வாள். அதோடு வழக்கு தள்ளுபடி.

அவர்கள் தெருமுனையில் ஒரு பூங்கா. அதன் ஒரு மூலையில் பெஞ்சுகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. வேலை முடிந்த மாலைகளில் கன்னக்குழியும் அவளைப் போலக் காது கேளாத சிநேகிதிகளும் அங்கேதான் கூடுவார்கள். வட்டமாக உட்கார்ந்தால்தான் எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரியும். வழியில் போகிறவர்களுக்கு அது அமைதியான மூலை. உண்மையில் ஊரிலேயே அவ்வளவு பேச்சு நடக்கிற இடம் வேறு கிடையாது.

அந்தப் பூங்கா வாசலில்தான் ஒருநாள் இருட்டிய நேரத்தில் கீழ்வீட்டு அக்காவின் கைப்பையை எவனோ பறித்துக்கொண்டு ஓடினான். அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். தனியாக இருப்பவள். விழுந்த வேகத்தில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் கன்னக்குழிதான் தினமும் இறங்கிப் போய் அவளுக்குத் தலை வாரிவிட்டாள்.

கை தேறியதும் அக்கா சும்மா இருக்கவில்லை. பூங்கா முழுக்கக் கேமரா வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். டிரைவரும் போட்டார். நியாயமான விஷயம்தானே. நகராட்சியும் அசைந்து கொடுத்தது. ஆள் முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் வைக்கப்போவதாகவும், மக்கள் கருத்துச் சொல்ல வரலாம் என்றும் அறிவிப்பு வந்தது.

"போகலாம்" என்றாள் கன்னக்குழி.

"அக்காவுக்கு ஆதரவாவா?"

"முதல்ல நகராட்சிக்காரங்க சொல்றதைக் கேட்கணும். நீங்க எனக்குச் சொல்லுங்க."

கூடத்தில் நல்ல கூட்டம். கேமரா கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். பணிவான ஆள். "பதிவு எல்லாம் ஒரு வருஷம் எங்க சர்வர்ல இருக்கும். ஆனா பயப்பட ஒண்ணுமில்லை. படம் மட்டும்தான். சத்தம் பதிவாகாது. நீங்க பேசுறது உங்களுக்குள்ளேயே இருக்கும்" என்றார்.

டிரைவர் அதைச் சைகையில் சொன்னார். கன்னக்குழி மறுபடியும் சொல்லச் சொன்னாள். பிறகு விருட்டென்று கையைத் தூக்கினாள்.

மைக்குக்குப் போகும் வழியிலேயே அவருக்கு உத்தரவு வந்தது: "நான் சொல்றதை அப்படியே சொல்லணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 'அவ சொல்றா'ன்னு ஆரம்பிக்காதீங்க. 'நான்'னு சொல்லுங்க."

"நான்... பேக்கரியில வேலை செய்றேன். கேக்குக்குப் பூ வைப்பேன்" என்று டிரைவர் தன் கட்டைக்குரலில் தொடங்கியதும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் மனைவியின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டார்.

"உங்க கேமராவுக்குக் காது இல்லைங்கிறீங்க. எனக்கும்தான் இல்லை. ஆனா நான் பார்த்தே எல்லாத்தையும் கேட்டுக்கறேன். உங்க கேமராவும் என்னைப் பார்த்தா போதும், கேட்டுடும். மத்தவங்க பேச்சு காத்தோட போயிடும். என் பேச்சு ஒரு வருஷம் உங்க கம்பெனியில கிடக்கும்."

சிரிப்பு நின்றது.

"அந்தப் பெஞ்சுல அப்படி என்ன ராணுவ ரகசியம் பேசிடப் போறேன்? முதலாளியைத் திட்டுவேன். மாமியாரைத் திட்டுவேன். என் புருஷன்..." டிரைவர் நிறுத்தினார். அவள் 'ம், சொல்லுங்க' என்று தாடையை உயர்த்தினாள். "என் புருஷன் துணி மடிக்கிறேன்னு எல்லாத்தையும் பந்து மாதிரி சுருட்டி வைக்கறதைச் சொல்லிச் சிரிப்பேன்."

கூடமே சிரித்தது. டிரைவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் கன்னக்குழி சிரிக்கவில்லை. அவள் கைகள் மெதுவாகின.

"ஒரு தடவை ஆஸ்பத்திரியில... எனக்குக் குழந்தை பிறக்காதுன்னு சொல்லிட்டாங்க. நான் வீட்டுக்குப் போகலை. அந்தப் பெஞ்சுக்குத்தான் போனேன்."

குழந்தை விஷயம் டிரைவருக்குத் தெரியும். பெஞ்சு தெரியாது. அவளே அவரைச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார வைத்து, உப்புத் தீர்ந்துபோச்சு என்பதுபோல் நிதானமாகச் சொன்னவள். இவள் நெஞ்சு கல் என்று நினைத்துக்கொண்டு, டிப்போவில் காலி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து தனியாக அழுதவர் அவர்.

இப்போது அவள் கைகள் அடுத்ததைச் சொல்லி முடித்துவிட்டன. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.

"அவசரமில்லைங்க. மெதுவா சொல்லுங்க" என்றார் நகராட்சித் தலைவி.

கன்னக்குழி ஓரடி நெருங்கி வந்தாள். அதையே மறுபடியும், சின்னதாக, அவருக்கு மட்டும் சொல்வதுபோல் சொன்னாள்.

"என் புருஷன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு... சிநேகிதிங்க முன்னாடி சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கை நடுங்காம வர்ற வரைக்கும். அவர் உடைஞ்சு போயிடக் கூடாது பாருங்க. அன்னைக்கு அதை யாரும் படம் பிடிக்கலை. அதனாலதான் என்னால அழ முடிஞ்சது. நாளைக்கே கையைப் படிக்கிற மெஷின் வரும். அப்ப இந்தப் படத்தையெல்லாம் யார் எடுத்துப் படிப்பாங்க? யாரைக் கேட்டுப் படிப்பாங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையைச் சொல்லணும்னா, இதை நாங்க யோசிக்கவே இல்லைங்க" என்றார்.

அதற்குள் கீழ்வீட்டு அக்கா எழுந்துவிட்டாள்.

"விழுந்தது நான். கையெழுத்து வாங்கினதும் நான்" என்றாள் அக்கா. "எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் திருடன் வந்தது கேட் பக்கம். அங்கே விளக்கே எரியறதில்லை. முதல்ல அதைப் பாருங்க. என் பயத்துக்காக இந்தப் பொண்ணோட வாயைக் கட்ட வேண்டாம்." உட்காரப் போனவள் நிமிர்ந்தாள். "வாயை இல்லை, கையை."

அன்று முடிவெடுக்காமல் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். இருட்டில் பேச முடியாதே. மருந்துக்கடை வெளிச்சம் வந்ததும் டிரைவர் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"எங்கிட்ட ஏன் அழலை?"

"அழுதா நீங்களும் அழுவீங்க. உங்க கை ஏற்கெனவே திக்கும். நடுங்கவும் ஆரம்பிச்சா எனக்கு ஒண்ணுமே புரியாது. அன்னைக்கு நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்குப் புரியணும்னு இருந்துச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"'சாப்பிட்டியா'ன்னு கேட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னோமா என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. "டிப்போல போய் அழுதேன்" என்று சொல்லப் பார்த்தார். பாதியில் விரல்கள் குழறின. அவள் அந்தத் தடித்த கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டால் இருவருக்கும் பேச்சு கிடையாது. வெகுநேரம் அப்படியே நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் ஏதோ சில்லறை எண்ணுகிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது. வாசல்களில் மட்டும் கேமரா. பெஞ்சுப் பக்கம் கிடையாது. பதிவு ஒரு வாரத்தில் அழிக்கப்படும். கேட்டில் விளக்கு. முகத்தை அடையாளம் காண்பது பற்றி மட்டும் ஒன்றும் முடிவாகவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டார்கள். "அடுத்த வருஷமும் வருவோம்" என்றாள் கன்னக்குழி. அதை வாய்விட்டுச் சொன்னது டிரைவர் இல்லை. நகராட்சியே இனி எல்லாக் கூட்டத்துக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்திருந்தது. கேட்டவள் அவள்தான். "நான் திட்டறதையெல்லாம் என் புருஷன் சொல்லாம முழுங்கிடறார்" என்று காரணமும் சொல்லியிருந்தாள்.

கீழ்வீட்டு அக்கா இப்போது கன்னக்குழியிடம் சைகை கற்கிறாள். முறிந்து கூடிய மணிக்கட்டுக்கு நல்ல பயிற்சியாம். முதல் நாள் மாடியேறி வந்து, 'நல்லா இருக்கியா?' என்று கேட்பதாக நினைத்து, 'கிழவி ஆயிட்டியா?' என்று கேட்டாள். கன்னக்குழி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.