எலிசபேத்தின் தண்டையல்

1
இந்தக் கதை ஒரு கலியாணப் புத்தகத்துக்காகத் தொடங்கியது. பேத்தி ஜெனோஜாவின் திருமணத்தன்று லண்டன் கிங்ஸ்பரி மண்டபத்தில் விருந்தினருக்குக் கொடுக்கும் புத்தகம் அது. குடும்ப வரலாறு என் பொறுப்பு. நாங்கள் மன்னாரில் கப்டன் பரம்பரை.

முதல் தொடக்கம்: "தேம்ஸ் கரையில் கட்டப்பட்ட எலிசபேத் என்ற வணிகக் கப்பல் மிளகும் உப்பும் ஏற்றிக்கொண்டு…" (மிளகா, அரிசியா? தெரியாது. அடித்துவிட்டேன்.)

2
இரண்டாவது: "பின்னர் ஆங்கிலேயக் கடற்படை அதை வாங்கியது. சரக்கு இருந்த இடத்தில் வெடிமருந்து. பக்கப் பலகைகளைத் துளைத்துப் பீரங்கிகள். அதன் தண்டையல், எங்கள் மூதாதை சந்தியாப்பிள்ளை…"

3
இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோதுதான் கிறிஸ்துராஜா சிரித்தார். மாப்பிள்ளையின் தகப்பன், கப்பல்களில் வேலை செய்தவர்.

"அண்ணை, தண்டையல் எண்டா கப்டனோ?"

"ஓம். எங்கட ஊரில தோணியை நடத்திறவர் தண்டையல்தானே."

"தோணிக்குச் சரி. வெள்ளைக்காரன்ர கப்பலில தண்டையலுக்கு மேல சாரங் எண்டு மேஸ்திரி ஒருத்தன். சாரங்குக்கு மேல பெரிய வரிசையே நிக்கும். உங்கட ஆள் கயிறு இழுக்கிறவையை மேய்ச்சவர்."

"மாமா!" சமையலறையிலிருந்து மருமகள் மரியமலர் ஓடி வந்தாள். "கப்டன் பரம்பரை எண்டு அடிச்ச கார்ட் எல்லாம் குடுத்தாச்சு!"

4
கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் அவர் போனபின் ஒரு கேள்வி கோபத்தைத் தள்ளிவிட்டது. மன்னாரில் சொந்தத் தோணி நடத்தியதாக வீட்டில் சொல்லிவந்த சந்தியாப்பிள்ளை ஏன் இன்னொருவன் கப்பலில் கீழ்ப்படியில் போய் நின்றார்?

'தண்டையல் வேலை இருக்கிறது, வருகிறாயா' என்று கேட்டிருப்பார்களோ? அவரும் என்னைப் போல அந்தச் சொல்லை நம்பி ஏறினாரோ? (ஆதாரம் இல்லை. ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை.)

முடிவு அ: உண்மை தெரிந்ததும் அவர் முதல் துறைமுகத்திலேயே இறங்கி… இல்லை. எங்கள் ஆட்கள் பாதியில் இறங்குபவர்கள் அல்லர்.

முடிவு ஆ: போர் முடிந்து ஊருக்கு வந்தார். என்னவாக இருந்தாய் என்று கேட்டார்கள். "தண்டையல்" என்றார். கேட்டவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் பொய் சொல்லவில்லை.

5
நாளை அச்சுக்குப் போகிறது. ஜெனோஜா போனில் கேட்டாள்: "அப்பப்பா, அவர் கப்டன்தானே? மண்டபத்தில ஆரும் கேட்டா நான் என்ன சொல்ல?"

"தண்டையல் எண்டு சொல், பிள்ளை."

புத்தகத்திலும் அப்படியே எழுதிவிட்டேன். விளக்கம் போடவில்லை. மண்டபத்தில் கிறிஸ்துராஜா மைக்கைக் கையில் எடுத்தால் என்ன சொல்வார், நான் எழுந்து நிற்பேனா, உட்கார்ந்திருப்பேனா என்பதை வாசகரே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள்.