உறை போட்ட கேம் பெட்டி

எங்கள் வீட்டில் உறை இல்லாத பொருள் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, ரிமோட்டைப் போட்டு வைக்கும் டப்பாவுக்கும் ஓர் உறை. அம்மா பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடையில் வேலை பார்த்தவள். கடையை விட்டாலும் கை சும்மா இருக்கவில்லை. நான் பஸ் மெக்கானிக். என் ஸ்பேனர் பெட்டிக்கு ஜிப் வைத்து, ஓரத்தில் ஃப்ரில் பிடித்து ஓர் உறை இருக்கிறது. பணிமனையில் அதைக் கழற்றும்போது எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், என் ஸ்பேனர் துருப்பிடித்து யாரும் பார்த்ததில்லை.

இதில் ஒரு விஷயம். அம்மா கண்ட பொருளுக்கெல்லாம் தைத்துவிட மாட்டாள். நம்முடையது என்று மனசில் பட்டால்தான் அளவெடுப்பாள். கல்யாணமாகி என் மனைவி வந்த வாரமே அவளுடைய டிபன் பாக்ஸுக்கு உறை வந்துவிட்டது. அவளைப் பெற்றவர், அதாவது என் மாமியார், ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவருடைய கைப்பை இன்றுவரை நாற்காலியில் வெறுமனேதான் தொங்குகிறது.

காரணம் கல்யாண போட்டோ. குடும்பமாக நின்று எடுத்த படத்தில் மாமியார் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டார். அம்மாவின் நெற்றியும் கொண்டையும் மட்டும்தான் விழுந்திருக்கின்றன. "போட்டோக்காரர் நிக்கச் சொன்ன எடத்துல நின்னேன்" என்பது மாமியார் கட்சி. "பின்னாடி ஒரு மனுஷி நிக்கறது தெரியாதா" என்பது அம்மா கட்சி. அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே அறையில் இருந்தாலும் எனக்கோ என் மனைவிக்கோ சொல்வது போலத்தான் சொல்வார்கள். நாங்கள் தபால்காரர்கள்.

அப்படிப்பட்டவர்களைப் பேச வைத்தது ஒரு கேம் பெட்டி. நானும் மனைவியும் எங்களுக்கென்று ஆசையாக வாங்கியது. அதில் ஒரு சமையல் விளையாட்டு. இரண்டு பேர் சேர்ந்து ஓட்டல் நடத்த வேண்டும். ஒருவர் காய் நறுக்க, ஒருவர் சூப் காய்ச்ச, வந்தவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவதற்குள் பரிமாற வேண்டும். கவனிக்காமல் விட்டால் அடுப்பு தீப்பிடித்து ஓட்டலே எரிந்துபோகும். ஒரு ஞாயிறு நாங்கள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், இரண்டு சம்பந்திகளும் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கன்ட்ரோலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"தக்காளி எங்க? தக்காளியக் குடுங்க."

"தட்டக் கழுவாம தக்காளி கேட்டா எப்படி?"

இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் பேச்சு வந்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓட்டல்தான். நானும் மனைவியும் காபி போட்டுக் கொடுக்கும் எடுபிடிகள்.

ஆனால் இந்த ஞாயிறு வேறு மாதிரி. தனியாக இருக்கும் மாமியாரை, வெளியூரில் இருக்கும் என் மைத்துனர் தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டுவிட்டார். அடுத்த வாரமே பயணம், டிரங்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. என் மனைவிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. தன் அம்மா நம்மோடு இருக்கட்டும் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்கிறாள். மாமியாருக்கும் மகளோடு இருக்கத்தான் ஆசை. ஆனால், "அந்த வீட்டம்மா வாய் தெறந்து வாங்கன்னு சொல்லாம நான் எப்படிடீ வந்து உக்கார்றது" என்றார். நியாயம்தானே. நான் அம்மாவிடம் கேட்டேன்.

"வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றாள் அம்மா.

இதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. விளையாட்டு மும்முரத்தில் எப்படியாவது அந்த "வாங்க" வந்து விழுந்துவிடாதா என்பதுதான் எங்களுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை.

சனிக்கிழமை மத்தியானம் கேம் பெட்டி படுத்துவிட்டது.

அம்மா தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்த ஃபேன் மேடு ஏறும் பஸ் மாதிரி இரைந்தது, பிறகு எல்லாம் இருண்டுவிட்டது. மறுபடி போட்டால் ஓடியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது. சர்வீஸ் கடையில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பஸ்ஸையே பிரிச்சு மாட்டறவன் நான், இது எம்மாத்திரம்" என்று சாப்பாட்டு மேஜையில் பழைய துணியை விரித்து உட்கார்ந்தேன்.

முதல் அவமானம் திருகாணியில். என்னிடம் இருந்ததிலேயே சின்ன ஸ்குரூ டிரைவர், அந்தத் திருகாணியைவிடப் பெரிதாக இருந்தது. தெருக்கோடி செல்போன் ரிப்பேர்காரரிடம் போய், நட்சத்திர முனை வைத்த ஒன்றை இரவல் வாங்கி, சூட்டுக்கு இதுவும் வேண்டும் என்று அவர் சொன்ன ஒரு ட்யூப் பசையும் வாங்கி வந்தேன். மனைவி பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மூடியைத் திறந்தோம். ஃபேன் முழுக்கப் பச்சைப் பஞ்சு. காற்று போகிற வழியெல்லாம் பஞ்சு அடைத்து மெத்தை மாதிரி இருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி சோபாவைப் பார்த்தோம். அங்கே கழற்றி வைத்த உறை கிடந்தது. பச்சை வெல்வெட். பட்டனுக்கு ஓர் ஓட்டை, விளக்குக்கு ஓர் ஓட்டை, ஒயருக்கு ஓர் ஓட்டை என்று அம்மா பார்த்துப் பார்த்துத் தைத்தது. கழற்றாமலே விளையாடலாம். காற்று வரும் துவாரங்களை மட்டும் கச்சிதமாக மூடியிருந்தது. ரேடியேட்டரை மறைத்துக் கோணி கட்டி எந்த டிரைவராவது பஸ் ஓட்டினால் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். இந்த உறையை வாராவாரம் நானே நேராக இழுத்துவிட்டிருக்கிறேன். இந்த வீட்டில் வளர்ந்தவன் கண்ணுக்கு உறை தெரியாது.

"அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள் மனைவி மெதுவாக.

"நானா? நாளைக்கு ஒரு நாள் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

எனக்கு அம்மாவைத் தெரியும். அவள் தையலைக் குறை சொன்னால் முகம் சுண்டிப்போகும். நாளைக்குத் தலைவலி என்று அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள். ஓட்டலும் போச்சு, அந்த "வாங்க"வும் போச்சு.

பஞ்சையெல்லாம் பிரஷ்ஷால் எடுத்தோம். சிப்புக்கும் அதன் மேல் உட்காரும் தகட்டுக்கும் நடுவில், சூட்டைக் கடத்த ஒரு பசை உண்டு. அது காய்ந்து பொருக்காகிக் கிடந்தது. அதைச் சுரண்டிவிட்டு, புது ட்யூபைத் தாராளமாகப் பிதுக்கினேன். பஸ்ஸில் கிரீஸ் குறைந்தால்தான் தப்பு.

"என்னங்க இது, கேக்குக்கு க்ரீம் வெக்கிறீங்களா?" என்று மனைவி என் கையைத் தட்டிவிட்டாள். லேபில் மெழுகு வழிக்கும் சின்னக் கரண்டியால் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, ஒரு பருக்கை அளவு வைத்தாள். என் பத்து டன் பஸ் அனுபவம் வாயை மூடிக்கொண்டு பார்த்தது.

மாட்டி முடித்துப் போட்டோம். ஃபேன் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. சாயங்காலம் வரை ஓடியது, அணையவில்லை. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "என் பையன் கை பட்டா எதுவும் ஓடும்" என்று சொல்லிக்கொண்டே உறையை எடுத்து மாட்டி, நாலு மூலையையும் இழுத்துவிட்டாள்.

மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். சோபாவுக்குப் பக்கத்தில் தடுக்கி, பெட்டியில் ஒரு துளி படாமல், தொங்கிக்கொண்டிருந்த உறையின் ஓரத்தை மட்டும் நனைத்தாள். அந்தத் தடுக்கலுக்குப் பரிசு கொடுக்கலாம்.

"ஐயோ அத்தை, நனைஞ்சுபோச்சே. துவைச்சுக் காயப் போட்டுடறேன். நாளைக்கு உறை இல்லாமலே இருக்கட்டும்."

"அதுக்கென்ன, மாத்துக்கு ஒண்ணு தச்சு வெச்சிருக்கேன்" என்றாள் அம்மா. உள்ளே போய்க் கொண்டுவந்தாள். அதற்கு உள்பக்கம் பஞ்சு வைத்த லைனிங் வேறு.

ஞாயிறு காலை மாமியார் வந்தார். பையை வழக்கமான நாற்காலியில் மாட்டினார். "ரிப்பேர்னு சொன்னாளே, சரியாயிடுச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு சோபாவில் தன் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா தன் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓட்டல் திறந்தது.

அன்றைக்கு இருவரும் நன்றாக விளையாடினார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். "வெங்காயம்." "இந்தாங்க." "தட்டு." "கழுவியாச்சு." எனக்கோ காது முழுக்க ஃபேனில்தான் இருந்தது. முதலில் முனகியது, பிறகு இரைய ஆரம்பித்தது. பஸ் மேடேறிக்கொண்டிருந்தது. மனைவி பின்னாலிருந்து என் கையைக் கிள்ளினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அணைந்தால் மாமியார் எழுந்து பையை எடுத்துக்கொள்வார், அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவார். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து என்றால் சொல்லியே தொலைக்கலாம் என்று எழுந்து நின்றேன்.

"அம்மா, அந்த உறைய எடுத்துடலாம். அதாலதான் சூடேறி நிக்குது. பெட்டிக்குக் காத்து வேணும்."

அம்மா விளையாட்டை நிறுத்தி வைத்தாள். எழுந்து போய் உறையின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இஸ்திரி போட்ட துணி மாதிரி சுடுது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"அதான் இவ தண்ணிய ஊத்துனாளா?"

மனைவி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அம்மா முகம் சுண்ட ஆரம்பித்தது. மாமியார் இதுதான் சமயம் என்று ஏதாவது சொல்லப்போகிறார் என்று பயந்தேன். சொன்னார், டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உறை மேல என்ன தப்பு? எவ்வளவு நறுவிசாத் தச்சிருக்கு. அந்த மிஷினுக்குத்தான் குடுத்து வைக்கல."

 அம்மா உறையைக் கழற்றி, நான்காக மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கன்ட்ரோலரை எடுத்தாள். ஓட்டல் மறுபடி ஓடியது. ஃபேன் மெல்ல மெல்ல இறங்கிப் பூனையாகிவிட்டது.

"சூப்ப எறக்குங்க" என்றாள் அம்மா.

"எறக்கிட்டேன்."

"இது நல்ல துணி. வீணாப் போகுது."

"ஆமா, பாவம்."

"உங்க டிரங்குப் பெட்டி என்ன நீளம் இருக்கும்?"

மாமியாரின் கட்டைவிரல் நின்றுவிட்டது. "எதுக்கு?"

"இங்க வந்தா ஜன்னலோரம்தான் வெக்கணும். வேற எடமில்ல. தூசி படியும்" என்றாள் அம்மா, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

என் மனைவி முதுகுக்குப் பின்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். என் சட்டை நனைந்தது. என் கண்ணும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

மாமியார் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். அம்மா பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து நீளத்தைக் காட்டினார். அம்மாவும் திரும்பினாள். தையல்காரி கண்ணால் அந்தக் கைகளை அளந்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். டிவியில் மாமியாரின் சமையல்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அடுப்பு புகைந்து தீப்பிடித்தது.

"சம்பந்தியம்மா, ஓட்டல் எரியுது" என்றாள் அம்மா.

"எரியட்டும். இன்னும் அகலம் சொல்லல" என்று மாமியார் கைகளைத் திருப்பிப் பிடித்தார்.