வெரோனிகாவுக்காக எழுந்து நிற்க ஒருவர்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல; லஸ் பஸ் நிறுத்தத்தில் காதில் விழுந்தது. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்த ஒரு பெண் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வாதாடறதுக்கெல்லாம் பயமில்லடி. நம்மள யாருன்னு சொல்ல ஒருத்தர் எழுந்திருப்பாங்களான்னுதான் பயம்." பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். பயத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

அதை நான் 1942-க்குக் கொண்டு போகிறேன். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே மூட்டை கட்டிய ஏப்ரல் மாதம். மற்ற வருஷங்களில், உதவ மனமில்லாதவர் ஏதாவது காரணம் தேடியாக வேண்டும். அந்த மாதம் எல்லோரிடமும் காரணம் தயாராக இருந்தது.

2.

தொடக்கம், முதல் முயற்சி: சாந்தோம் குப்பத்து வெரோனிகா கடலலை போல எதற்கும் அஞ்சாத—

வேண்டாம். அவள் அஞ்சுகிறவள். குப்பத்துப் பெண் என்றதும் அலையை இழுத்து வருவது என்னைப் போன்றவர்களின் கெட்ட பழக்கம்.

இரண்டாவது: சாந்தோம் குப்பத்தில் பிறந்து, கன்னியாஸ்திரீகளின் உதவியால் படித்து, சட்டக் கல்லூரியையும் முடித்துவிட்ட வெரோனிகாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் பாக்கியிருந்தது. அதை அவள் சொல்ல முடியாது. ஐகோர்ட்டில் வக்கீலாகப் பதிவாகும் நாளில், ஏற்கெனவே வக்கீலாக இருக்கும் ஒருவர் நீதிபதி முன் எழுந்து, 'இவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்' என்று சொல்ல வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாவோ மாமாவோ எழுந்திருப்பார். வெரோனிகாவின் அப்பாவுக்குக் கட்டுமரம்தான் தெரியும்.

(ஒரு பணக்காரச் சித்தப்பாவை அவளுக்குக் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன். கொடுத்தால் கதையே கிடையாது.)

3.

எழுந்து சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தவர் வக்கீல் பஞ்சாபகேசன். அவரிடம்தான் அவள் தொழில் பழகினாள். பதிவுக்கு முதல் நாள் காலையில் மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குப் போனால், வாசலில் வண்டியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் மனைவி காமாக்ஷி ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"கும்பகோணம் கிளம்பிண்டிருக்கோம்மா," என்றார் வக்கீல். "ஆத்துல எல்லாரும் நடுங்கிண்டிருக்கா. நாளைக்குன்னு நீ சொல்லவேயில்லையே."

"நேத்திக்கூட சொன்னேன் சார்."

"சொன்னியோ? இந்த அமளியில எது நெனவுல நிக்கறது. எல்லாம் அடங்கட்டும், பாத்துக்கலாம். நீ சின்னவ, உனக்கென்ன அவசரம்."

வண்டிக்குள்ளிருந்து காமாக்ஷி சொன்னார்: "உங்க அண்ணா பிள்ளைக்குப் போன வாரம் எழுந்து சொன்னேளே. அன்னிக்கே இவளுக்கும் சேத்துச் சொல்லியிருக்கலாமே."

வக்கீல் வண்டிக்காரனிடம் ரயிலுக்கு நேரமாகிறது என்றார்.

(காமாக்ஷி வாயைத் திறப்பார் என்று நான் நினைக்கவில்லை. எழுதும்போது பேசிவிட்டார். குண்டு என்ற சாக்கு அத்தோடு கிழிந்துபோனது. கிழியட்டும் என்று விட்டுவிட்டேன்.)

4.

அடுத்து குலாம் ரசூல். கல்லூரியில் அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவர், ராயப்பேட்டைத் தோல் வியாபாரியின் மகன், அந்தக் குடும்பத்தின் முதல் வக்கீல். டிராமுக்காகக் காத்திருந்தவரிடம் போய்க் கேட்டாள்.

"நான் எழுந்தா ஜட்ஜு என்னைப் பார்ப்பாருங்க. இப்பதான் என்னையும் ஒரு ஆளுன்னு மதிக்க ஆரம்பிச்சிருக்காங்க. உங்களுக்குன்னு இல்ல, யாருக்காக எழுந்திருக்கவும் எனக்குப் பயமா கீது."

"நாளைக்கு வருவீங்களா?"

"வருவேன். எழுந்திருப்பேனான்னு மட்டும் கேக்காதீங்க."

(ஒரு வரைவில் இவரை வீரராக்கிப் பார்த்தேன். இவர் வளர வளர, வெரோனிகா மூலையில் நின்று நன்றி சொல்லும் பெண்ணாகக் குறுகிப்போனாள். கிழித்துப் போட்டேன்.)

5.

"இன்னாடி, ஊரே ஓடிக்கினு கீது, நீ கோட்டைப் பக்கம் கோர்ட்டுக்குப் போறேன்னு நிக்கிற," என்றாள் அம்மா ஐரின். "குண்டு அங்கதான் வுழுமாம்."

"குண்டுக்குப் பயமில்லம்மா."

"பின்ன இன்னாத்துக்குடி பயம்?"

வெரோனிகா இரவல் வாங்கிய கறுப்பு அங்கியை மடித்தாள். "அத்தினி பேர் முன்னால நின்னு, யாருமே எழுந்திருக்கலன்னா? என்னைப் பாத்துட்டுதான் நம்ம குப்பத்துல இன்னும் ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெக்கலாமான்னு சிஸ்டருங்க யோசிக்கிறாங்க. நான் தலகுனிஞ்சு திரும்பினா அவங்களுக்கும் கதவு மூடிடும்மா."

"அப்ப போவாத."

"நாளைய விட்டா கோர்ட்டு எப்பக் கூடும்னே தெரியாது."

ஐரின் அந்த அங்கியை எடுத்து அவள் தோளில் போட்டுப் பார்த்தாள். பிறகு, "போய் நில்லு," என்றாள்.

6.

மறுநாள் ஐகோர்ட்டில் நின்றாள். இரவல் அங்கி தோளிலிருந்து நழுவியது. நீதிபதி நிமிர்ந்து, "இவருக்காக வேண்டுபவர் யார்?" என்று கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

முடிவு அ: அபாயச் சங்கு ஊதுகிறது; நீதிபதி முதல் எல்லோரும் மேஜைக்கடியில். (ஜப்பானைக் காட்டி நானும் தப்பிக்கப் பார்க்கிறேன். பஞ்சாபகேசனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?)

முடிவு ஆ: யாரும் வேண்டாம் என்று வெரோனிகாவே பேசி, சபையை மலைக்க வைக்கிறாள். (விதி இடம் கொடுக்காது. கொடுத்தாலும், இதைப் படித்துவிட்டு நாமெல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்தே இருப்போம்.)

முடிவு இ: குலாம் ரசூலின் விரல்கள் பெஞ்சின் விளிம்பை அழுத்துகின்றன. அவர் மெல்ல—

எழுத முடியவில்லை. எழுதுகிறவனுக்கும் பயம் உண்டு. மேலும், நான் வக்கீல் இல்லை. என் குரல் அந்த அறையில் செல்லாது.

ஆனால் நீங்கள் இவ்வளவு நேரமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். குலாம் ரசூலுக்குப் பக்கத்து இடம் உங்களுடையது, உங்கள் தோளிலும் கறுப்பு அங்கி இருக்கிறது. நீதிபதி இரண்டாம் முறையும் கேட்டாயிற்று. அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுக்கக் கையை நீட்டுகிறார். வெரோனிகா திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள். குலாம் ரசூல் நீதிபதியைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறார், நீங்கள் எழுந்தால் தானும் எழுந்துவிடலாம் என்று.