அதிகம் இரவல் போன புத்தகம்

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நூலகத்துறை இயக்குநர் வருகிறார். அதற்குள் நூலகத்தின் இணையப் பக்கம் மூன்று மொழிகளிலும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மொழியில் போட்டு முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மற்ற இரண்டு மொழிக்காரர்களும் வாரம் தவறாமல் வருகிறவர்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் நூலகரின் கவலை.

இரண்டு மொழிகளைத் தட்டுத்தடுமாறி ஏற்றிவிட்டார். மூன்றாவது மொழி வலமிருந்து இடமாக ஓடுவது. அது மட்டும் திரையில் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு, கடைசியில் நிற்க வேண்டிய முற்றுப்புள்ளியை முன்னால் நிறுத்தி அடம்பிடித்தது.

இணையப் பக்கம் எழுதும் குறிமுறையான எச்டிஎம்எல் படித்தே தீர வேண்டும். அலமாரியில் ஆறு புத்தகங்கள். ஒன்றுக்குத்தான் நேரம்.

இருபது வருடப் பழக்கம் கைகொடுத்தது. ஒவ்வொன்றிலும் தேதிச் சீட்டைப் பார்த்தார். தடிமனான ஒன்றில் முத்திரை குத்த இடமே இல்லை. நாற்பத்தொரு முறை இரவல் போயிருந்தது. அதை அணைத்துக்கொண்டு திரும்பினால், எதிரே நாத்தனார். அங்கேயே பைண்டிங் வேலை. கையெல்லாம் பசை, கண்ணெல்லாம் குறும்பு.

“அண்ணி, எங்க அண்ணனையும் இப்படித்தான் எடுத்தீங்களா? நிறைய பேர் பாத்துட்டுத் திருப்பி அனுப்பின மாப்பிள்ளைன்னு?”

“உங்க அண்ணனை இதுவரைக்கும் யாரும் திருப்பித் தரல. நான்தான் யோசிச்சிட்டு இருக்கேன்.”

நாத்தனார் புத்தகத்தை வாங்கி ஓரத்தைக் காட்டினாள். முதல் முப்பது பக்கம் விரல் பட்டுக் கறுத்திருந்தது. மீதி அச்சகத்திலிருந்து வந்த வெள்ளை. நாற்பத்தொரு பேரும் முப்பதாம் பக்கத்தில் மூச்சு வாங்கித் திரும்பியிருக்கிறார்கள். பிறகு ஆறே முத்திரை விழுந்த ஒல்லிப் புத்தகம் ஒன்றை மேஜையில் வைத்தாள். அது தானாகவே நடுவில் பிளந்துகொண்டது. பல மொழிப் பக்கங்கள் பற்றிய அத்தியாயம். அழுக்கும் அங்கேதான்.

“எனக்கு இதுல ஒரு வரி புரியாது அண்ணி. ஆனா ஆறு பேரு இந்த இடத்துல உக்காந்து வேலை பாத்திருக்காங்க.”

பசைக்காரியிடம் பாடம் கேட்பதா? இரண்டையும் எடுத்துக்கொண்டாலும், செவ்வாய் முழுக்கத் தடிமனோடுதான் மல்லுக்கட்டினார். முப்பதாம் பக்கத்தில் நாற்பத்திரண்டாவது ஆளாக மூடி வைத்தார்.

புதன்கிழமை, யாரும் பார்க்காதபோது, ஒல்லியைத் திறந்தார். ஒவ்வொரு பகுதிக்கும் இது இன்ன மொழி, இந்தப் பக்கமிருந்து ஓடும் என்று ஒரு சிறு குறிப்புக் கொடுத்தால் போதுமாம். கொடுத்தார். எழுத்துகள் வலது ஓரத்துக்குத் தாவின. முற்றுப்புள்ளி சமர்த்தாகக் கடைசிக்குப் போனது.

வெள்ளிக்கிழமை இயக்குநர் மூன்றையும் தட்டிப் பார்த்தார். மூன்றும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மதியம், அந்த மூன்றாவது மொழி பேசும் தையல்காரர், நூலகக் கணினியில் தன் மொழிப் பக்கம் முழுவதையும் நின்றபடியே படித்தார். நேராக நூலகரிடம் வந்து, சனிக்கிழமை மூடும் நேரத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்களே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு புகாருக்கு நூலகர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.