உமேஷ் பற்றவைத்த தீ

என் தம்பி உமேஷ் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மொட்டைமாடிக்குப் போய், கறியைப் புகைபோட அவனே செய்துவைத்த டிரம்மைப் பற்றவைத்தான். கறியை உள்ளே வைத்து மூடினான். பன் வாங்கிவருகிறேன் என்று தெருமுனைக்கு நடந்து போனவன், கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். வழியிலேயே முடிந்துவிட்டது என்றார் டாக்டர். மத்தியானம் அவன் தன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான். மாடியில் அவன் மூட்டிய தீ இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

உமேஷ் லிஃப்ட் மெக்கானிக். இந்திரா நகரில் ஏதோ ஒரு ஓட்டலுக்கு வேலைக்குப் போனபோது, பின்பக்கம் கறியைப் புகையிலேயே வேகவைக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பழைய இரும்பு விற்கிற குஜரி கடையில் பழைய எண்ணெய் டிரம் ஒன்றைப் பிடித்து, அதைச் சுட்டுத் தேய்த்துக் கழுவி, அடியில் காற்றுக்குத் துளை போட்டு, துளையை மூடித் திறக்க ஒரு தகடு வைத்தான். உள்ளே கரிக்கூடை, மேலே கம்பிவலை, கறிக்குள் குத்திவைக்க ஒரு தெர்மாமீட்டர். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்க்காத மகராசன், மர்பி டவுன் முழுக்க அலைந்து மாமரக் கட்டை தேடினான்.

முதல் தடவை வந்த கறி, தார் ரோட்டிலிருந்து பெயர்த்தெடுத்ததுபோல இருந்தது. இரண்டாவது தடவை வெளியே கருகி உள்ளே பச்சை. "டேய், அந்தப் பன்னி பொழைச்சு எழுந்து ஓடிடும் போல இருக்குடா" என்றேன். இப்படியெல்லாம் பேசினதற்காக எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் வாய் நீளம் என்று தெருவுக்கே தெரியும். அவனும் எனக்குச் சளைத்தவனில்லை.

"பாதியில மூடியத் தொறந்துட்டேன்கா, அதான் தப்பு" என்றான். கறி ஒரு சூட்டுக்கு வந்ததும் தெர்மாமீட்டர் முள் அப்படியே நின்றுவிடுமாம். மணிக்கணக்காக நகராதாம். கறிக்கு வேர்க்குமாம். அப்போது பயந்துபோய்த் திறந்தாலோ தீயைக் கூட்டினாலோ எல்லாம் கெட்டது. கம்மென்று உட்கார்ந்திருந்தால் அதுவாகவே தாண்டிவிடும். இதை அவன் என்னிடம் சொன்னதைவிட வீணாவிடம்தான் அதிகம் சொல்லியிருப்பான்.

வீணா அவன் மனைவி. கார்மெண்ட்ஸில் வேலை. ஊர் கே.ஜி.எஃப். குழந்தை இல்லை. குழந்தை இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளமானது. அந்த நீளத்தை டிரம் எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, புகையைப் பார்த்துக்கொண்டு என்னத்தையோ பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் மாடியேறிப் போனால் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். சந்தோஷமாகவும் இருக்கும்.

அந்த வீணாதான் அன்றைக்குக் கீழே இல்லை. பெட்டி வந்து இறங்கியதும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு மாடிக்குப் போனவள் இறங்கி வரவில்லை. பெண்கள் எல்லாம் மாரடித்து ஓய்ந்து, பக்கத்து வீட்டு சாந்தகுமாரி கொண்டுவந்த காப்பியையும் குடித்து முடித்துவிட்டார்கள். பொண்டாட்டி எங்கே என்று குசுகுசுவென்று கேட்க ஆரம்பித்தார்கள்.

முனிராஜ் பெரியப்பாதான் புகையைக் கண்டுபிடித்தார். எங்கள் அப்பாவுக்கு அண்ணன். எந்தச் சாவுக்கும் முன்னால் நின்று முறை சொல்கிறவர்.

"ஏ சொர்ணம், மாடியில என்னா பொகை? பொணம் கெடக்கற வீட்ல அடுப்பு எரியலாமா? அதுவும் கறி வாசன வருது. போயி அணைச்சுட்டு வா."

அவர் சொன்னதில் தப்பில்லை. எடுக்கிற வரைக்கும் வீட்டில் உலை ஏற்றமாட்டோம், தீ மூட்டமாட்டோம். என் தம்பி உள்ளே கிடக்கிறான், மேலே கறி மணக்கிறது. ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.

வீணா டிரம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடித்தகட்டை விரல்நுனியால் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. பக்கெட்டைப் பார்த்ததும் எழுந்து டிரம்முக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"வேணாங்கா."

"வீட்ல தீ இருக்கக் கூடாதும்மா. பெரியப்பா சத்தம் போடறாரு."

"இது அவரு பத்தவெச்சது. நாம மூட்டலையே. அவரு இருக்கறப்பவே எரிய ஆரம்பிச்சது."

"அவன் கீழ தனியாக் கெடக்கறான் வீணா. நீ இங்க கறிக்குக் காவல் இருக்கியா?"

கோபத்தில் வந்த வார்த்தை. அவள் கோபப்படவில்லை.

"கீழ இருக்கறது யாருன்னே எனக்குத் தெரியலக்கா. தொட்டா ஐஸா இருக்கு. இங்க வந்து தொட்டுப் பாருங்க. சூடா இருக்கு. காலையில அவரு கைவெச்ச சூடு. இது அணையற வரைக்கும் அவரு பன் வாங்கத்தான் போயிருக்காரு."

நான் பக்கெட்டைக் கீழே வைத்தேன். சுவர் ஓரம் போய் நின்று நான் கொஞ்ச நேரம் அழுதேன். அவளும் அழுதுவிட்டால் தேவலை என்று இருந்தது. அழாதவளைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் நெருங்கியது. தெருவில் தமட்டை மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். பாடையில் பூ கட்டியாகிவிட்டது. "பொண்டாட்டி வாய்க்கரிசி போடாம எப்படி எடுக்கறது? நீ கூட்டியாரியா, நான் ஆளுங்கள மேல அனுப்பட்டுமா?" என்று பெரியப்பா என்மேல் பாய்ந்தார். ஆளை அனுப்பினால் முதலில் டிரம்மைத்தான் கவிழ்ப்பார்கள். அவளைக் கையைப் பிடித்து இழுத்து வருவார்கள். அப்படி இழுத்து வரப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதற்கப்புறம் பழையபடி ஆவதில்லை.

வாசலில் பெரியப்பாவின் மகன் நாகேஷ் கொள்ளிச்சட்டியை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தான். பிள்ளை இல்லாத உமேஷுக்கு அவன்தான் கொள்ளி வைக்கவேண்டும். முந்தின நாள் மழையில் வரட்டி நமுத்துப் போயிருந்தது. கற்பூரம் குப்பென்று எரிந்து அடங்கியதே தவிர வரட்டி பிடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்குச் சட்டென்று தோன்றியது.

"பெரியப்பா, வீட்ல தீ இருக்கக் கூடாது, அவ்ளோதானே? அது அவன் கூடவே வெளிய போயிடட்டும். மேல இருக்கற தீக்கங்குகள எடுத்து இந்தச் சட்டியில போடலாம்."

"பன்னிக்கறி வெந்த தீயிலயா கொள்ளி வெப்பாங்க? புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"அவன் கையால மூட்டின தீ பெரியப்பா. அவனுக்கு இதவிடச் சொந்தமான தீய எந்தக் கடையில வாங்கிட்டு வருவீங்க?"

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "சீக்கிரம் ஆகட்டும்" என்றார். அவரும் உமேஷைத் தோளில் தூக்கி வளர்த்தவர்தான்.

மண்சட்டியோடு நான் திரும்பவும் மாடிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். வீணா தெர்மாமீட்டரைக் காட்டினாள்.

"முள்ளு நிக்குதுக்கா. எழுபதுலயே நிக்குது. இதுக்குத்தான் பயப்படாதன்னு சொல்லுவாரு. இன்னும் கொஞ்சம் பொறுத்தா தாண்டிடும். இப்ப தொறந்தா அவரு வெச்சது கெட்டுடும். இந்த வாட்டி நல்லா வரும்னு அவ்ளோ நம்பிட்டு இருந்தாரு."

"தாண்டும். தாண்டி நல்லாவும் வரும். யாரு சாப்புடுவாங்க வீணா?"

நான் அவள் பக்கத்தில், அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இந்தத் தீயி இங்க இருந்தா ராத்திரிக்குள்ள தானா அணையும். அத நீ பாத்துட்டு உக்காந்திருப்ப. அவன் அதுக்குள்ள வேற யாரோ மூட்டின தீயில போயிருப்பான். வேணாம்மா. அவன் தனியாப் போறான். கூட இத அனுப்பு."

வீணா முள்ளை இன்னொரு தரம் பார்த்தாள். தமட்டைச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. அவன் உபயோகிக்கிற தோல் கையுறை இரண்டையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். மூடியில் கை வைத்தாள். "உங்கள வாங்கன்னு கூப்புடாமலே தொறக்கறேன்" என்று அவனிடம் பேசுவதுபோலச் சொல்லிவிட்டுத் தூக்கினாள்.

புகை எங்கள் இரண்டு பேரையும் மூடியது. அது அவன் சட்டையின் வாசனை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அவனோடு வரும் வாசனை. கறி நல்ல செம்பழுப்பில் இருந்தது, பாதி வெந்து. அவள் அதை எடுத்து ஒரு தட்டில் வைத்து மூடினாள். அதைப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இடுக்கியால் கங்குகளைப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள், ஒன்றன்மேல் ஒன்று படாமல், காற்றுப் போக இடம் விட்டு, அவன் அடுக்குகிற மாதிரியே.

சட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே படியிறங்கினாள். கூட்டம் வழிவிட்டது. நாகேஷிடம் சட்டியைக் கொடுத்தாள். உமேஷின் முகத்தைத் தடவினாள், வாயில் அரிசி போட்டாள், விலகி நின்றாள். அப்போதும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் சொன்னவள் வாயைக் கிழித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு அதற்குத் தெம்பில்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டோம். குளித்துவிட்டு வந்து வீணா விளக்குக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விளக்கு வைக்கிற நேரம் தாண்டி நாகேஷ் திரும்பிவந்தான். வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நின்றவனை அவள் கூப்பிட்டாள்.

"நாகேஷ், அந்தத் தீயிலதானே வெச்சீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்குப் பொய் வராது.

"அது கரெண்ட்டு மயானம் அண்ணி. கற்பூரத்த மட்டும் நெஞ்சுல ஏத்திட்டு உள்ள தள்ளிட்டாங்க. சட்டிய உள்ள கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க. வெளிய மரத்தடியில வெச்சுட்டு வந்தேன்."

"எரிஞ்சுட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி. நல்லா செவந்துட்டு இருந்துச்சு. காத்து அடிச்சுது."

"மேல ஏதாச்சும் மூடிட்டு வந்தியா?"

"இல்ல அண்ணி. அப்படியேதான்…"

வீணா அவனையே பார்த்தாள்.

"தொறந்து போட்டுட்டு வந்தியாடா? காத்துல வெச்சா சீக்கிரம் தீந்துடுமேடா. மூடி வெச்சிருந்தா இன்னும் எவ்ளோ நேரம் இருந்திருக்கும். இவ்ளோ சீக்கிரமா தீந்துடணும்? ஐயோ, இவ்ளோ சீக்கிரமா…"

அப்போதுதான் அவள் அழுதாள். அடிவயிற்றிலிருந்து, தெருவே வெளியே வந்து நிற்கும்படி, அவன் பேரைச் சொல்லி அழுதாள். இந்த அழுகை வராதா என்று நாள் முழுக்கத் தவித்துக்கிடந்த நான், அது வந்ததும் தாங்கமாட்டாமல் அவள் வாயைப் பொத்தப் போனேன். பொத்த முடியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு நானும் கத்தினேன்.