கட்டில் உயரம்

பிள்ளையின் வலது காதுக்கு மேலே வீங்கியிருந்த இடத்தை டாக்டர் ஜெபகுமாரி தொட்டுப் பார்த்தபோது டெல்சிக்குத் தன் மண்டையே வலித்தது. ஒன்றரை வயது பிரிஜா சிணுங்கியபடி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள்.

“எவ்வளவு ஒயரத்துல இருந்து விழுந்தா?”

“கட்டில்ல இருந்து டாக்டரே,” என்றான் கபிரியேல், பெண்டாட்டி வாய் திறக்குமுன்.

“அப்ப ரெண்டடி. உடனே அழுதிருக்கா, வாந்தியும் இல்ல. ஸ்கேன் இப்ப வேண்டாம் மக்களே. பிஞ்சு மண்டை, தேவையில்லாம கதிர் பாய்ச்சக்கூடாது. நாலு மணி நேரம் இங்கயே வச்சுப் பாப்போம். கக்கினாலோ, எழுப்பி எழும்பாம கெடந்தாலோ என்னைக் கூப்பிடணும்.”

நாலு மணி நேரமாம். டெல்சி ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். அன்று காலை இனயம் கரையில் அவர்களுடைய புது வள்ளத்துக்கு மந்திரிப்பு. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கையில் வீட்டுக் கடைக்குட்டியை வள்ளத்தின் முன்முனையில் இருத்திப் பிடிப்பது கபிரியேல் குடும்பத்து வழக்கம். அதெல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, துபாயிலிருக்கும் அண்ணனுக்கு அனுப்ப ஒரு போட்டோ வேண்டுமென்று இந்த மனுஷன் பிள்ளையை மறுபடி மேலே இருத்தினான். ஒரு கையில் போன், ஒரு கையில் பிள்ளை. அவள் துள்ளினாள், கை நழுவியது. கீழே வள்ளத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையில் தலை இடித்தது.

மந்திரித்த அன்றே வள்ளத்திலிருந்து பிள்ளை விழுந்ததென்றால் எவனும் அதில் ஏறமாட்டான். நாளைக்குத்தான் முதல் தொழில், வள்ளம் கடலில் இறங்கும் நாள். வள்ளத்தில் ஏறப்போகும் ஜான்ரோஸின் தங்கச்சிதான் இங்கே நர்ஸ், ரீத்தா. அவளைப் பார்த்ததுமே, “ஏட்டி, கட்டில்னு சொல்லு,” என்று டெல்சியின் காதில் ஓதிவிட்டான் கபிரியேல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. டெல்சியும் வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அவளை எதில் சேர்ப்பது?

இரண்டு மணி நேரம் கழித்துப் பிரிஜாவின் தலை தோளில் சரிந்தது. டெல்சி உள்ளங்காலில் சுண்டினாள். கண் பாதி திறந்து மூடியது.

“அவ தூங்குத நேரந்தானே,” என்றான் கபிரியேல்.

தூங்குகிற நேரந்தான். தினமும் இதே நேரந்தான். இது தூக்கமா மயக்கமா என்று தெரியாததுதான் டெல்சியைக் கொன்றது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் மேசைக்கு நடந்தாள். ரீத்தா பக்கத்தில் நின்றாள்.

“டாக்டரே, கட்டில் இல்ல. வள்ளத்துக்க முனையில இருந்து விழுந்தா. இந்தா, இவ்வளவு ஒயரம்.” தன் தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினாள். “கீழ கட்டையில இடிச்சா.”

டாக்டர் பிரிஜாவின் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

“இதை மொதல்ல சொல்லணுமா வேண்டாமா?” பிறகு திரும்பினார். “ரீத்தா, ஸ்கேனுக்குக் கொண்டு போ.”

ஸ்கேன் அறை வாசலில் ரீத்தா பிள்ளையின் கம்மல்களைக் கழற்றிக் கபிரியேலின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. கதவு மூடியது.

கபிரியேலின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஜான்ரோஸாகத்தான் இருக்கும், நாளைக்கு எத்தனை மணிக்கென்று கேட்க. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. கபிரியேல் எடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அரிசிமணி அளவுள்ள இரண்டு கம்மல்களும் அதில் கிடப்பதை டெல்சி பார்த்தாள். காலையில் நழுவியதும் அந்தக் கைதான்.