கோழி வைக்கச் சொன்ன இடம்

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்பில் பிறந்தது. செய்தவன் நான். தாய்லாந்து அகதி முகாமில் எங்கள் மோங் இனப் பெண்கள் தைக்கும் கதைத்துணிகளை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கடையில் துபாஷியாக இருந்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது: மீகாங் ஆறு வெள்ளி போல மின்ன—

அடித்துவிட்டேன். உயிர் தப்ப அந்த எல்லை ஆற்றை நீந்தி வந்தவன் எவனும் அப்படி எழுத மாட்டான்.

2

பிலியாவுக்கு முப்பது வயது. லாவோஸை விட்டு ஓடிவந்ததை நீலத் துணியில் வரிசையாகத் தைத்திருந்தாள்: எரியும் வீடு, காடு, மூங்கிலைக் கக்கத்தில் இடுக்கி ஆறு கடப்பவர்கள். கரையில் ஒரு பெண், மடியில் குழந்தை, அதன் வாயில் அவள் விரல்.

விரல் நுனியில் அபின்.* அழுகை துரத்திவந்த சிப்பாய்கள் காதில் விழக் கூடாதென்று தாய்மார்கள் கொடுத்தார்கள். பிலியா கொடுத்தது கூடிப்போனது. மகள் பிறகு கண் திறக்கவில்லை.

(* எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்காதீர்கள். ஓடுகிற ஓட்டத்தில் யார் தராசு வைத்திருந்தார்கள்?)

3

கடைக்காரர் வெள்ளைக்காரர், நல்லவர். [எழுதும்போதே எரிகிறது. ஆனால் நல்லவர்தான், அதுதான் கொடுமை.] வாங்குகிறவர்கள் இதைப் பிள்ளைகளின் அறையில் மாட்டுகிறார்கள், குழந்தையின் தையலைப் பிரித்துவிட்டு அங்கே ஒரு கோழி வைக்கச் சொல், இல்லாவிட்டால் எடுக்க முடியாது என்றார்.

வாய் கூசாமல் சொன்னேன்.

"கோழியா?" என்றாள் பிலியா. "ஏன் தம்பி, கோழிக்கு யாரு அபின் குடுப்பா?"

அவள் நாத்தனார் ஹூவா சிரித்தாள். "தச்சுக் குடுத்துட்டுப் போயேன் அண்ணி. போன உசுரைக் கோழிய வச்சுச் சடங்கு செஞ்சுதான கூப்புடுறோம்? அந்த ஆளுக்கு அது தெரியவா போவுது."

"கூப்புட்டாச்சு, மூணு தடவ. வரல. ஆத்தங்கரையிலயே நிக்கிறா போல. துணியிலயாச்சும் இருக்கட்டும்னுதான் தச்சேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாள்?

"யோசிக்கிறாளாம்" என்றேன். [பாவி.]

4

கதைக்கு ஒரு முடிவு: பிலியா கோழி தைக்கிறாள். எங்கோ ஒரு அமெரிக்கச் சுவரில், வாங்கியவருக்கே தெரியாமல், அந்தக் கோழி குழந்தையின் உயிரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

எழுதிப் படித்தேன். அழகாக இருந்தது. அழகாக இருந்ததால்தான் ஆத்திரம் வந்தது. குழந்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நமக்கு ஆறுதலாக ஒன்றை வைப்பதைத்தானே கடைக்காரரும் செய்தார்? கிழித்துப் போட்டேன்.

இன்னொரு முடிவு: கடைக்காரர் வெட்கப்பட்டுத் தலை குனிந்து, துணியை அப்படியே—

[அவர் வெட்கப்படவில்லை. ஏன் படவேண்டும்? அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லையே.]

5

ஆகவே கதை இங்கேதான் நிற்கிறது. தையல் பிரிக்கும் சின்னக் கத்தரியைக் கடைக்காரர் அவள் பக்கம் நகர்த்தியிருக்கிறார். பிலியா அதைத் தொடவில்லை, தான் கேட்டதற்குப் பதில் வரக் காத்திருக்கிறாள்.

வாசகரே, சுவர் உங்களுடையது. கோழி போதும் என்று தோன்றினால் எழுந்து வந்து அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். இன்னொரு முறை அது என் வாயால் வராது.